இரண்டு தட்டு, ஒரு ஊதல்

டொக் டொக். ப்பூ.

வீரபாண்டியில் ஒரு சந்து. வண்டியைப் பஞ்சர் ஒட்டக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். எதிரே தகரக் கூரை போட்ட சின்ன யூனிட். உள்ளே நாலைந்து ஓவர்லாக் மிஷின்கள் தகரத்தில் விழும் மழை மாதிரி இரைந்துகொண்டிருந்தன. அந்த இரைச்சலுக்குள்ளிருந்து அது கேட்டது. விரல் முட்டியால் மேசையில் இரண்டு தட்டு. வாயால் ஒரு ஊதல். அப்புறம் மிஷின் ஓட்டம். மறுபடி, டொக் டொக். ப்பூ.

கால் என்னைக் கேட்காமலே உள்ளே போய்விட்டது. மிஷினில் இருந்த பெண்ணுக்கு இருபது வயதுக்கு மேல் இராது.

"ஏங்கண்ணு, இந்தத் தட்டறது, ஊதறதெல்லாம் ஆரு சொல்லிக் குடுத்தாங்க?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "கழுத்து அப்பிடித்தானுங்களே தைக்கோணும்?"

வெளியே வந்து சந்தின் நடுவில் நின்று சிரித்தேன். அடக்க முடியவில்லை. பஞ்சர்க்காரர் டியூபைத் தண்ணீருக்குள் அமுக்கியபடியே நிமிர்ந்து பார்த்தார். என்னவென்று அவருக்குச் சொல்வேன்? அந்தப் பெண்ணை நான் இதற்கு முன் பார்த்ததில்லை, அவளும் என்னைப் பார்த்ததில்லை. ஆனாலும் அவள் உதடு அப்படிக் குவிவதற்கு நான்தான் காரணம் என்றா?

வேலையை விட்டு நாலு மாதம் ஆகிறது. எங்கள் பனியன் கம்பெனியின் பயிற்சி ஹாலில் இப்போது ஆளுக்கொரு டேப்லெட் வைத்திருக்கிறார்கள். திரையில் ஒரு பெண் முகம் காட்டாமல் கையை மட்டும் காட்டி, அப்பழுக்கில்லாமல் தைக்கிறாள். தும்முவதில்லை, டீ குடிப்பதில்லை, தலையைச் சொறிவதில்லை. எனக்கு ஐம்பத்துமூன்று வயது. அந்தக் கையோடு போட்டி போட மனமில்லாமல் நானே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். என்னிடம் வேலை பழகி இப்போது பயிற்சி ஹாலைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள் வாட்ஸப்பில் விடுவதாக இல்லை. "டீச்சரக்கா, ஊட்ல சும்மாதான இருக்கறீங்க, எங்களுக்கு ஏதாச்சும் எழுதுங்கக்கா." சரி, எழுதுகிறேன். சந்தில் தொடங்கிய சிரிப்பு இன்னும் தீரவில்லை, அதற்காகவாவது.

நான் வேலை கற்ற கதை சின்னது. உடுமலைப்பேட்டையிலிருந்து பத்தொன்பது வயதில் வந்தேன். டைலருக்குத் துணி அடுக்கிக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்தேன், ஊசி விரலில் இரண்டு தடவை ஏறி இறங்கியது, டைலரானேன். இருபத்தெட்டில், "இந்தப் பொண்ணு ஓயாம பேசுது, மிஷின்ல உக்கார வெச்சா வீணு" என்று சொல்லிப் பயிற்சி கொடுக்க அனுப்பினார்கள். அவ்வளவுதான்.

சொல்ல வேண்டியவர் எங்கள் புரொடக்ஷன் மேனேஜர் சென்னியப்பன். கோபம் வந்தால் அவர் கத்த மாட்டார், மரியாதையை ஏற்றுவார். சாதாரண நாளில், "டீச்சரம்மா, இங்க வாங்க." கொஞ்சம் சூடானால், "கொஞ்சம் வர முடியுமுங்களா?" கொதித்துவிட்டால், "நீங்க பெரிய மனசு பண்ணோணுமுங்க." அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்ட சூப்பர்வைசர் ஒருவன் சாப்பாட்டுப் பையை விட்டுவிட்டே ஓடினான் என்பார்கள்.

குழந்தைகள் டீ-ஷர்ட்டின் கழுத்து, தலையில் சுலபமாக நுழைய வேண்டும், நுழைந்த பின் வட்டமாக உட்கார வேண்டும். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அதற்கென்று பளபளக்கும் ஒரு பிளாஸ்டிக் அச்சு அனுப்பியிருந்தார். சென்னியப்பனுக்கு அதில் நம்பிக்கையில்லை. அவர் மேசையில் உடுமலைத் தேங்காய் மூன்று இருக்கும். பாதி மட்டை உரித்து, மார்க்கரால் கண், மூக்கு, வாய் வரைந்தவை. ஒரு வயது, மூன்று வயது, ஐந்து வயது. ஒவ்வொரு லாட்டிலும் பீஸ் எடுத்துத் தேங்காய்க்கு மாட்டி, தூரத்தில் நின்று, தலையைச் சாய்த்துப் பார்ப்பார். பெரியவர்கள் சைஸ் வந்தால் தன் வழுக்கைத் தலையையே நுழைப்பார். ஏற்றுமதிக்குப் போகும் பனியனிலிருந்து அவர் முகம் ஆமை மாதிரி மெல்ல வெளியே வருவதைப் பார்க்கத் தவம் செய்திருக்க வேண்டும்.

அந்தக் கழுத்து வேலை எப்படியென்று சொல்லாவிட்டால் மேற்கொண்டு விளங்காது. ரிப் என்பது கழுத்தைச் சுற்றி வரும் பட்டை, வளையமாகத் தைத்து வரும். கழுத்து வாயைவிட வளையம் சின்னது. ஆகவே ரிப்பை இழுத்துத்தான் வைத்துத் தைக்க வேண்டும். எவ்வளவு இழுப்பது? ஓர் இடத்தில் அதிகம், இன்னோர் இடத்தில் குறைவு என்றால் கழுத்து கோணிக்கொள்ளும். சுற்றிலும் ஒரே இழுப்பு வேண்டும். அதை அளக்க எந்தக் கருவியும் இல்லை. கைதான் அளக்கிறது, எப்படி அளக்கிறது என்று கைக்கே தெரியாது. எங்கள் மூன்றாவது லைனில் கழுத்துக்கு மட்டும் ஆறு பெண்கள். ஆறு பேரும் ரிப்பை வைத்து, இரண்டு தட்டுத் தட்டி, ஓர் ஊது ஊதி, தைப்பார்கள். தினமும் அந்த வழியாகத்தான் போனேன், வந்தேன். நம் வீட்டுக் கடிகாரத்தின் ஓசை நமக்குக் கேட்பதில்லையே, அப்படித்தான் எனக்கும் அது கேட்டதில்லை.

கேட்டவர் பிரவீண். நான் வேலையை விடுவதற்கு இரண்டு வருடம் முன்னால் வந்த இண்டஸ்ட்ரியல் இன்ஜினியர். சென்னைப் பையன், நல்ல பையன், கையில் ஸ்டாப்வாட்ச். ஒரு நாள் முழுக்கக் கழுத்துக்காரர்கள் பின்னால் நின்றுவிட்டு என்னிடம் வந்தார்.

"மேடம், ஒவ்வொரு பீஸுக்கும் தட்டுறாங்க, ஊதுறாங்க. எதுக்கு?"

"எதுக்குங்க?" என்று நானும் கேட்டேன்.

"ரெண்டு செகண்ட் வேஸ்ட் மூவ்மென்ட். இந்த வாரத்துக்குள்ள நிறுத்தணும். நிறுத்த முடியாதவங்களை நூல் வெட்டுற டேபிளுக்கு மாத்திடுவேன்."

நூல் வெட்டும் மேசை என்பது மிஷினை இழப்பது. டைலர் என்ற பெயரை இழப்பது. இதைக் கேட்டதும் ஜெசிந்தாவின் முகம் சுண்டிவிட்டது. அவள் தூத்துக்குடிப் பக்கத்துக்காரி. அந்த நூல் மேசையிலிருந்து மிஷினுக்கு வர அவளுக்கு மூன்று வருடம் ஆனது. வந்த அன்று மிஷினுக்கு மல்லிகைப்பூ சுற்றி, சிலுவை போட்டு, எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தவள்.

"எக்கா, தட்டலன்னா இது என் கையி மாதிரியே இருக்காதுக்கா," என்றாள். "வேற யாரோ வந்து தைக்க மாதிரி இருக்கும். நான் எப்படிக்கா நிறுத்துவேன்?"

அதே வாரம் ஒரு பல்கலைக்கழகத்தில் உளவியல் ஆராய்ச்சி செய்யும் நிவேதா எங்கள் ஹாலில் இருந்தாள். மனிதர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் வழக்கங்களை எப்படி எடுத்துக்கொள்கிறார்கள், கைமாறும்போது அவை எப்படி உருமாறுகின்றன என்பது அவள் படிப்பு. டைலர்கள் வேலை பழகும் விதத்தைப் பார்க்க வந்திருந்தாள். தட்டலையும் ஊதலையும் கேட்டதும் அவள் கண் விரிந்த விதம்! திருவிழாக் கடையைப் பார்த்த குழந்தை.

டீ நேரத்தில் ஆறு பேரையும் சுற்றி உட்கார வைத்து, ஏன் தட்டுகிறீர்கள் என்று கேட்டாள்.

சிவகாமி முருக பக்தி ஊறிய நெசவுக் குடும்பம். "இதுல என்னங்க சந்தேகம்? ஒரு தட்டு வள்ளிக்கு, ஒரு தட்டு தெய்வானைக்கு. ஊதறது கண்ணேறு போறதுக்கு."

"யாருட்டி சொன்னா உனக்கு?" என்றாள் ஜெசிந்தா. "அது மாதாவுக்கும் சூசையப்பருக்கும்லா. நான் அப்படி நெனச்சித்தான் தட்டுதேன்."

ஒடிசாவிலிருந்து வந்த சுனிதா இரண்டு பேரையும் பரிதாபமாகப் பார்த்தாள். "இல்ல தீதி. தட்டினா மிஷினுக்குத் தெரியும், பீஸ் வருதுன்னு. ஊதினா ஸ்டார்ட்."

நிவேதா துள்ளினாள். செயல் அப்படியே கைமாறி வருகிறது, அர்த்தம் மட்டும் ஆளுக்கு ஆள் புதிதாக முளைக்கிறது, பாருங்கள் என்றாள். நாம் எல்லோரையும் பார்த்துக் கற்பதில்லையாம். பலர் செய்வதைச் செய்கிறோம், மதிப்புள்ளவர் செய்வதைச் செய்கிறோம். அதிலும் எது அவசியம், எது வீண் என்று பிரிக்காமல் முழுசாக எடுத்துக்கொள்கிறோம். ஒரு பெட்டியைத் திறந்து காட்டும்போது நடுவில் தேவையில்லாமல் நாலு தட்டுத் தட்டினால், சிம்பன்சி அந்தத் தட்டலை விட்டுவிட்டு நேரே மூடியைத் திறக்குமாம். மனிதக் குழந்தை தட்டலையும் சேர்த்துச் செய்யுமாம்.

சிவகாமி இடுப்பில் கை வைத்தாள். "அப்போ எங்களவிட கொரங்கு வெவரம்ங்கறீங்களா?"

"இல்லக்கா. அதனாலதான் கொரங்குக்கு பனியன் கம்பெனி இல்ல."

சிரித்த சிரிப்பில் டீ யாருக்கும் உள்ளே இறங்கவில்லை.

அடுத்து நிவேதா ஒரு தாளில் யார் யாரிடம் வேலை பழகினார்கள் என்று அம்புக்குறி போட்டாள். சுனிதா சிவகாமியிடம், சிவகாமி ஜெசிந்தாவிடம், ஜெசிந்தா வேலையை விட்டுப் போய்விட்ட பாப்பாத்தியிடம், பாப்பாத்தி... பென்சில் நின்றது. நிவேதா என்னை நிமிர்ந்து பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள்.

அப்போதுதான், சத்தியமாக அப்போதுதான், எனக்கு ஞாபகம் வந்தது. ஆதியில் நான் சொல்லிக் கொடுத்த அந்தப் பழைய ஓவர்லாக் மிஷினில் ஒரு பல்ப் உண்டு. லூஸ் கனெக்ஷன். மேசையில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் எரியும். ஊதல்? அப்போது நான் நெற்றியில் விழும்படி முடி வெட்டியிருந்தேன். இரண்டு கையும் துணியில் இருக்க, முடி கண்ணில் விழும். கீழுதட்டை நீட்டி மேலே பார்த்து ப்பூ என்று ஊதித் தள்ளுவேன். பாப்பாத்தி எண்ணெய் வைத்து இழுத்துச் சீவியவள், நெற்றியில் ஒரு முடி கிடையாது. அவளும் ஊதியிருக்கிறாள். மேலே ஊத ஒன்றுமில்லாததால் கீழே, ரிப்பின் மேல் ஊதியிருக்கிறாள். என் முடி போய்விட்டது, பல்ப் போய்விட்டது, மிஷினே காயலான் கடைக்குப் போய்விட்டது. ஊதல் மட்டும் வாய் விட்டு வாய் தாவி ஒடிசா வரைக்கும் போயிருக்கிறது!

நான் செய்த தப்பு இதற்குப் பிறகு. சிரித்துவிட்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. பெரிய மூடநம்பிக்கையை உடைத்தவள் போல லைனுக்கு நடுவில் நின்று பல்ப் கதையையும் முடிக் கதையையும் நடித்தே காட்டினேன். "இதுல வள்ளியுமில்ல, மாதாவுமில்ல, என்ற மயிருதான்! உட்டுப்போடுங்க!" ஐந்து பேர் சிரித்துக்கொண்டே விட்டார்கள். இரண்டு நாளில் வேகம் கூடியது. பிரவீண் எல்லோருக்கும் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார்.

ஜெசிந்தாவால் மட்டும் முடியவில்லை. மேசையில் தட்டாமல் கையை அந்தரத்தில் இரண்டு தடவை விரித்து மூடினாள். உதடு தானாகக் குவிந்தது. சத்தம் வெளியே வராமல் ஊதினாள். ஸ்டாப்வாட்ச் அதையும் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை நோட்டீஸ் போர்டில் தாள் ஏறியது: ஜெசிந்தா, திங்கள் முதல் நூல் வெட்டும் பிரிவு. அவள் அழவில்லை. தன் மிஷினின் மேல் படிந்திருந்த பஞ்சைத் துணியால் துடைத்தாள், துடைத்ததையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. முடியை வைத்து வேடிக்கை காட்டியவள் நான், மிஷினை இழப்பவள் அவள்.

சனிக்கிழமை காலை சென்னியப்பன் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"டீச்சரம்மா, நீங்க கொஞ்சம் பெரிய மனசு பண்ணி இந்தக் கொழந்தையப் பாக்கோணுமுங்க."

மூன்று வயதுத் தேங்காய் பனியன் போட்டு உட்கார்ந்திருந்தது. கழுத்து ஒரு பக்கம் இறுகி, மறுபக்கம் அலை அலையாக எழும்பி, யாரோ காலரைப் பிடித்துச் சண்டைக்கு இழுத்த மாதிரி. மார்க்கரில் வரைந்த அந்த வாய் வேறு சிரித்துக்கொண்டிருந்தது.

"எந்த லாட்டுங்க?"

"மூணாவது லைனுங்க. ரெண்டு நாளா வந்த எல்லாமே இப்பிடித்தானுங்க. ஒரு கட்டு மட்டும் தப்பிச்சிருக்குதுங்க."

அந்தக் கட்டின் சீட்டைத் திருப்பினேன். ஜெசிந்தா. அவள் தைத்த ஒவ்வொன்றையும் தேங்காய்க்கு மாட்டினோம். ஒவ்வொன்றும் நிலவு மாதிரி வட்டம்.

ஓடினேன். ஐம்பது வயசுக்காரி ஓடிய ஓட்டத்தில் இஸ்திரி டேபிள்காரன் சுவரோடு ஒட்டிக்கொண்டான். ஜெசிந்தாவின் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்க்காமல் இடது கையை மட்டும் பார்த்தேன். ரிப்பை வைத்தாள். கையை விரித்தாள், மூடினாள், விரித்தாள், மூடினாள். அப்புறம்தான் பிடித்துத் தைத்தாள்.

விரித்தாள்! கை விரியும் அந்த நேரத்தில் ரிப் அவள் பிடியிலிருந்து விடுபடுகிறது. எடுத்து வைக்கும்போது இழுபட்டிருந்த ரிப் பழைய நீளத்துக்குச் சுருங்கி, மூச்சு விட்டு, படுத்துக்கொள்கிறது. அப்புறம் புதிதாகப் பிடிப்பதால் சுற்றிலும் ஒரே இழுப்பு. மற்ற ஐந்து பேரும் தட்டலை விட்டபோது கையை எடுப்பதையும் விட்டுவிட்டார்கள். இழுத்த கையோடு அப்படியே தைத்தார்கள். முதலில் அதிக இழுப்பு, கடைசியில் தொளதொளப்பு. பல்ப்புக்காகத் தட்டியது நான்தான், ஆனால் பல்ப் போன பிறகும் அந்தத் தட்டல் எங்கள் யாருக்கும் தெரியாமல் கழுத்தைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

நிவேதாவிடம் சொன்னபோது அவள் என் இரண்டு தோளையும் பிடித்துக் குலுக்கினாள். "இதைத்தான்க்கா நாங்க பக்கம் பக்கமா எழுதறோம்! செய்யறவங்களுக்குக் காரணம் தெரியணும்னு அவசியமே இல்ல. காரணம் புரிஞ்சாத்தான் செய்வேன்னு மனுஷன் உக்காந்திருந்தா இன்னும் சோறே பொங்கியிருக்க மாட்டான்."

பிரவீண் ஒத்துக்கொள்ளவில்லை. "தற்செயலா இருக்கலாம் மேடம். இவங்க ஸ்லோவா தைக்கிறாங்க, அதனால நல்லா வருது."

ஜெசிந்தா எழுந்தாள். மிஷினை அவருக்குக் காட்டினாள். "சார், கோவப்படாம ஒரே ஒரு கழுத்து நீங்க தைங்க."

லைன் முழுக்க மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. சென்னியப்பன் மூன்று வயதுக் குழந்தையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். பிரவீண் வாட்ச்சைப் பையில் போட்டுவிட்டு உட்கார்ந்தார். தைக்கத் தெரிந்தவர்தான், கல்லூரியில் பழகியிருக்கிறார். முதல் கழுத்தைத் தேங்காய்க்கு மாட்டினோம். தேங்காய்க்கு வாதம் வந்த மாதிரி இருந்தது.

"இப்ப நான் செய்யத மாதிரி செய்ங்க," என்று ஜெசிந்தா பக்கத்து மிஷினில் ஒன்று தைத்துக் காட்டினாள். காற்றில் இல்லை, மேசையில், சத்தமாக.

பிரவீண் ரிப்பை வைத்தார். டொக் டொக். பிறகு, யாரும் சொல்லாமல், உதட்டைக் குவித்து, ப்பூ.

சிரிப்பு ஆறு மிஷினிலிருந்தும் வெடித்து அடுத்த லைனுக்குப் பரவி, என்னவென்றே தெரியாமல் கட்டிங் மாஸ்டர் வரைக்கும் போய்ச் சிரிக்க வைத்தது. நிவேதா பேனாவைக் கீழே போட்டுவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஏன் ஊதினேன்?" என்றார் பிரவீண், நிஜமாகவே திகைத்து.

"அதத் தெரிஞ்சுக்கத்தான் சார் நான் மூணு வருஷமா படிக்கிறேன்."

அந்தக் கழுத்து வட்டமாக வந்தது. சென்னியப்பன் குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். தட்டல் இருக்கட்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டார். ஊதலை என்ன செய்வது என்று யாரோ கேட்டதற்கு, "ஏனுங்க, ஊதறதுக்கு மோட்டாரா ஓடுது? இருந்துட்டுப் போவுதுங்க," என்றார். எனக்கு அன்று முழுவதும் கால் தரையில் பாவவில்லை. எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு எது போகும் என்று தெரியாத இந்த உலகத்தில், என் கண்ணில் விழுந்த நாலு முடியும் ஒரு பங்கு என்று நினைக்க நினைக்கக் கிறுகிறுத்தது.

ஆனால் நோட்டீஸ் போர்டில் அந்தத் தாள் அப்படியே இருந்தது. பிரவீண் மதியத்துக்கு மேல் கண்ணாடி அறைக்குள் எதையோ எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தார். ஜெசிந்தா ஒவ்வொரு பீஸுக்கும் நடுவில் அந்த அறையைப் பார்த்தாள். மாலை சங்கு ஊதி, கேட்டில் கூட்டம் நெரிந்து, எல்லோரும் செருப்புத் தேடிக்கொண்டிருந்தபோது அவர் பைக்கை உருட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஜெசிந்தா என் கையை விட்டுவிட்டு நேரே அவர் வண்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

"சார், திங்கக்கிழம நான் எங்கன ஒக்காரணும்?"

பிரவீண் ஹெல்மெட்டைக் கழற்றினார். சட்டைப் பைக்குள் கைவிட்டு, நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து அவளிடம் கொடுத்தார். நோட்டீஸ் போர்டுத் தாள். அவர் எப்போது கிழித்தார் என்று நான் பார்க்கவில்லை.

"உங்க மிஷின்லதாங்க. பக்கத்துல எனக்கும் ஒரு ஸ்டூல் போட்டு வைங்க."